மண்டியிட வைத்த சூடு

2004-ம் வருஷம், அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்தில் ஒரு மாநாடு. கம்ப்யூட்டர் துறையின் பெரிய தலைகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் க்ரெய்க் பேரட். இன்டெல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. அன்றைய தேதியில் உலகத்தில் விற்ற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூளை சப்ளை செய்துகொண்டிருந்த கம்பெனி அது. காசுக்கும் குறைச்சலில்லை, கௌரவத்துக்கும் குறைச்சலில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர், அத்தனை பேர் பார்க்க, மேடையிலேயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

விளையாட்டாகத்தான் செய்தார். ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை. 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பென்டியம் 4 வரப்போகிறது என்று சொல்லி வைத்திருந்தார்கள். வரவில்லை. இனிமேலும் வராது என்று சில நாள்களுக்கு முன்னால்தான் கம்பெனி அறிவித்திருந்தது. அதற்குத்தான் இந்த மன்னிப்பு.

ஏன் வரவில்லை? பணத் தட்டுப்பாடா? இல்லை. ஆள் பற்றாக்குறையா? கிடையாது. எதிரிக் கம்பெனியின் சதியா? அதுவும் இல்லை.

சூடு. வெறும் சூடு.

இந்த வாரம் அந்தச் சூட்டின் கதைதான். கதையில் ஒரு பக்கம் இன்டெல் மாதிரி ராட்சதக் கம்பெனிகள். இன்னொரு பக்கம், ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ராத்திரியெல்லாம் கண்விழித்து, வாங்கிய கம்ப்யூட்டரை அதன்மேல் எழுதியிருக்கும் வேகத்துக்கும் மேலே ஓட்டிப் பார்த்த ஆசாமிகள். இரண்டு தரப்புக்கும் எதிரி ஒருவன்தான்.

முதலில் அந்த எதிரி எங்கிருந்து வருகிறான் என்று பார்த்துவிடுவோம். கவலைப்படாதீர்கள், நானும் பி.காம்.தான். பெரிய ஃபிசிக்ஸ் எல்லாம் வராது.

பிராசஸர் என்பது கோடிக்கணக்கான ஸ்விட்சுகள் அடங்கிய ஒரு சில்லு. போடு, அணை, போடு, அணை. இதுதான் அதன் முழுநேர உத்தியோகம். எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதற்கு ஒரு தாளம் உண்டு. விநாடிக்குப் பத்து லட்சம் தட்டு என்றால் 1 மெகாஹெர்ட்ஸ். நூறு கோடித் தட்டு என்றால் 1 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் மாறும்போதும் இத்துனூண்டு மின்சாரம் செலவாகும். செலவான மின்சாரம் எங்கே போகும்? சூடாக மாறும். பிராசஸர் உங்களுக்கு விடையைக் கொடுக்கும். கூடவே, வாங்கிய கரண்ட் அத்தனையையும் சூடாகத் திருப்பிக் கொடுக்கும். இந்தக் கணக்கில் கள்ளக்கணக்கே எழுத முடியாது.

இது புதிய தலைவலியும் இல்லை. 1946-ல் உலகத்துக்கு அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் கிட்டத்தட்ட 18,000 வால்வுகள். 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. அந்த அனலை வெளியேற்றுவதற்கென்றே தனியாகக் காற்றடிக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. முப்பது வருஷம் கழித்து, 1976-ல், சீமோர் க்ரே என்கிற மேதை க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். 115 கிலோவாட். குளிரவைக்க ஃப்ரியான். அன்றைய ஃப்ரிட்ஜ்களில் இருந்ததே, அதே சமாசாரம். 1985-ல் வந்த க்ரே-2-ல் மனிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் சர்க்யூட்டுகளை அப்படியே முக்கி வைத்துவிட்டார்! அந்த மெஷினுக்குக் 'குமிழி' என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது.

ஆனால் இவையெல்லாம் அரசாங்கங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் கட்டித் தீனி போட்ட யானைகள். வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் பூனைக்குட்டி. 1981-ல் ஐ.பி.எம். விற்ற முதல் பி.சி.யின் பிராசஸர் ஓடியது 4.77 மெகாஹெர்ட்ஸில். அதன் தலைமேல் காற்றாடி கிடையாது, அலுமினியக் கட்டி கிடையாது, ஒன்றும் கிடையாது. தொட்டுப் பார்த்தால் கை சுடாது. சூடு பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

அதனால் சிலர் வேறு விஷயத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். வேகம்.

1984-ல் ஐ.பி.எம். 'ஏ.டி.' என்றொரு மாடலை விட்டது. வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். இதற்குத் தாளம் போட்டது, மதர்போர்டில் சொருகியிருந்த ஒரு சின்ன க்ரிஸ்டல். அதன் துடிப்பு 12. பிராசஸர் அதில் பாதி வேகத்தில் ஓடும். சரி, இந்த 12-ஐப் பிடுங்கிவிட்டு 16-ஐச் சொருகினால்? 6 மெகாஹெர்ட்ஸ் மெஷின் 8 ஆகிவிடும். சில டாலர் செலவு, சில நிமிஷ வேலை. செய்து பார்த்தார்கள். ஓடியது!

ஐ.பி.எம். சும்மா இருக்குமா? பிறகு வந்த ஏ.டி.க்களில், ஆன் செய்ததுமே தாளத்தின் வேகத்தைச் சரிபார்க்கிற ஒரு சோதனையைப் புகுத்தியது. அளவுக்கு மேல் ஓடினால் மெஷின் கிளம்பாது. திருடனுக்கும் பூட்டுக்காரருக்குமான போட்டி அங்கேயே தொடங்கிவிட்டது. இந்த வித்தைக்குத்தான் ஓவர்க்ளாக்கிங் என்று பெயர்.

இங்கே உங்களுக்கு நியாயமான சந்தேகம் ஒன்று வரவேண்டும். 6 என்று எழுதி விற்ற சரக்கு, 8-ல் எப்படி ஓடுகிறது? கம்பெனிக்காரன் என்ன ஏமாளியா?

ஏமாளி இல்லை, வியாபாரி. ஒரே சிலிக்கன் தட்டிலிருந்துதான் நூற்றுக்கணக்கான பிராசஸர்களை வெட்டி எடுப்பார்கள். ஒரே மரத்து மாம்பழம் எல்லாம் ஒரே ருசியாகவா இருக்கிறது? சோதித்துப் பார்த்து, வேகமாக ஓடுவதை ஒரு கூடையிலும் சுமாராக ஓடுவதை இன்னொரு கூடையிலும் போடுவார்கள். கூடைக்கு ஒரு விலை. போகப்போகத் தொழிற்சாலைக்குக் கை பழகிவிடும். எல்லாமே முதல் தரமாக வந்து விழும். ஆனால் மார்க்கெட்டில் எல்லோருமா விலை உயர்ந்த சரக்கைக் கேட்கிறார்கள்? மலிவு விலைக் கூடையும் நிரம்ப வேண்டுமே. அதனால் நல்ல பழத்திலேயே சிலவற்றுக்கு மலிவு ஸ்டிக்கர் ஒட்டி விற்றுவிடுவார்கள்.

இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. வாங்குகிறவர் எந்த ஊரில், எப்படிப்பட்ட அறையில், எத்தனை தூசிக்கு நடுவே மெஷினை வைப்பார் என்று கம்பெனிக்குத் தெரியாது. எல்லா நிலைமையிலும் பல வருஷம் ஓட வேண்டும். ஆகவே கொஞ்சம் பத்திரமான இடைவெளி விட்டு, குறைத்துத்தான் எழுதுவார்கள். ஓடக்கூடிய வேகத்துக்கும் ஓடும் என்று எழுதிய வேகத்துக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியை மார்ஜின் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்தில் கையிருப்பு நிதி மாதிரி. ஓவர்க்ளாக்கிங் செய்கிறவர் அந்தக் கையிருப்பில் கைவைக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கதையின் பொற்காலம் 1998. அந்த ஆகஸ்டில் இன்டெல் 'செலரான் 300ஏ' என்று ஒரு மலிவு விலை பிராசஸரை இறக்கியது. 300 மெகாஹெர்ட்ஸ். விலை சுமார் 150 டாலர். அதே சமயத்தில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ன் விலையோ அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் நடுவே இருக்கும் தாளம் 66. அதைப் பிராசஸர் நாலரை மடங்காக்கி 300-ல் ஓடும். இந்த நாலரையை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. மலிவு சில்லின்மேல் அதிக வேகத்தை அச்சடித்து விற்ற போலி வியாபாரிகளின் தொல்லை அப்போது அதிகம். சரி, நாலரையை மாற்ற முடியாது. 66-ஐ மாற்றலாமே? 100 என்று வைத்தால்? நாலரை நூறு, 450!

பாதிக்குப் பாதி கூடுதல் வேகம். அதுவும் ஏராளமான செலரான்களில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. தைவானின் ஏபிட் நிறுவனம், மதர்போர்டைத் தொடாமல் திரையிலேயே எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியுடன் பி.எச்.6 போர்டை விற்றது. அந்த வசதி இல்லாதவர்கள், பிராசஸரின் ஒரு குறிப்பிட்ட பின் மேல் துளி டேப் ஒட்டியோ, நகப்பாலிஷ் தடவியோ மதர்போர்டை ஏமாற்றினார்கள். 2000-ல் ஏ.எம்.டி.யின் புதிய ரக அத்லான் வந்தபோது இன்னும் அழகு. அந்தக் கம்பெனி தன் பூட்டைப் பிராசஸரின் மேற்பரப்பிலேயே, வெட்டிவிட்ட சின்னஞ்சிறு இணைப்புகளாக வைத்திருந்தது. பென்சில் கரி மின்சாரம் கடத்தும் இல்லையா? ஸ்கூல் பையன் பென்சிலால் நாலு கோடு போட்டார்கள். பூட்டு திறந்துகொண்டது.

இந்தக் கொண்டாட்டத்தின் நடுவில்தான் சூடு வந்து கதவைத் தட்டியது.

வேகத்தைக் கூட்டினால் சூடு கூடும். 20 சதவீதம் வேகம் கூட்டினால் சூடும் ஏறத்தாழ 20 சதவீதம். இதுவரை நியாயமான வட்டிதான். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் பிராசஸர் தடுமாறும். அதற்குத் தெம்பு கொடுக்க வோல்டேஜைக் கூட்ட வேண்டும். அங்கேதான் கந்துவட்டி ஆரம்பம். வோல்டேஜ் கூடினால் சூடு அதன் வர்க்கத்தில் கூடும். பத்து சதவீதம் வோல்டேஜ் ஏற்றினால் சூடு 21 சதவீதம் ஏறும். வேகத்தில் 20, வோல்டேஜில் 10 என்று இரண்டையும் சேர்த்து ஏற்றினீர்களென்றால், சூடு 45 சதவீதம் எகிறும். லாபம் 20, செலவு 45. எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் முகத்தைச் சுளிப்பார்.

இந்தச் சூட்டை எப்படிச் சமாளித்தார்கள்?

முதல் ஆயுதம் ஹீட்சிங்க். பிராசஸரின் தலையில் உட்காரும் உலோகக் கட்டி. மெல்லிய தகடுகளாகப் பிரிந்திருக்கும். சூட்டை உறிஞ்சிப் பரப்பிக் கொடுக்கும், மேலே இருக்கும் ஃபேன் அதை ஊதித் தள்ளும். அலுமினியம் போதாமல் தாமிரத்துக்குப் போனார்கள். சின்ன ஃபேனின் இரைச்சல் தாங்காமல் பெரிய ஃபேனுக்குப் போனார்கள்.

இரண்டாவது ஆயுதம், நடுவில் தடவும் பேஸ்ட். பிராசஸர், ஹீட்சிங்க் இரண்டின் பரப்பும் கண்ணுக்கு வழவழப்பு. உண்மையில் மேடு பள்ளம். பள்ளத்தில் காற்று தங்கினால் சூடு கடக்காது. அதை அடைக்கத்தான் பேஸ்ட். பட்டாணி அளவு போதும். 'சூடு குறையட்டும்' என்று இட்லிக்குச் சட்னி போல அள்ளிப் பூசினால் பலன் குறையுமே தவிரக் கூடாது. உலோகம் கடத்துகிற அளவுக்குப் பேஸ்ட் சூட்டைக் கடத்தாது.

மூன்றாவது, தண்ணீர். ரெடிமேடாக விற்காத காலத்தில் சொந்தமாகவே செய்துகொண்டார்கள். மீன்தொட்டி மோட்டார், பிளாஸ்டிக் குழாய், கார் ஹீட்டரிலிருந்து கழற்றிய குட்டி ரேடியேட்டர். பக்கத்திலேயே மின்சாரம், உள்ளே தண்ணீர். ஒரு குழாய் கழன்றால் மொத்த மெஷினும் காலி. தெரிந்தேதான் செய்தார்கள்.

இதில் எதுவானாலும் ஓர் எல்லை உண்டு. காற்றாலோ சாதாரணத் தண்ணீராலோ குளிரவைத்தால், அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோகவே முடியாது. 22 டிகிரி ஏ.சி. அறையில் 65-ல் நிற்கிற பிராசஸர், 38 டிகிரி கொதிக்கும் சென்னை மே மாத மாடியறையில் 80-ஐத் தாண்டிவிடும். எங்கோ குளிர் தேசத்தில் ஒருவர் எட்டிய வேகத்தை இங்கே எட்டப் பார்த்தவர்கள் பட்ட பாடு இதனால்தான்.

அந்த எல்லையையும் உடைக்க நினைத்தவர்கள் திரவ நைட்ரஜனை ஊற்றினார்கள். மைனஸ் 196 டிகிரி. அதுவும் போதாமல் ஹீலியம். 2011-ல் ஏ.எம்.டி.யின் ஒரு பிராசஸர் அப்படித்தான் 8.429 கிகாஹெர்ட்ஸ் தொட்டுக் கின்னஸில் ஏறியது. 2022 டிசம்பரில் இன்டெலின் ஒன்று 9-ஐத் தாண்டியது. ஆனால் இதெல்லாம் சில விநாடி, சில நிமிஷ வீரம். இதை வைத்துக்கொண்டு வருமான வரிக் கணக்கு போட முடியாது.

விபத்துகளும் நடந்தன. 2001-ல் ஒரு சோதனை வீடியோ உலகம் முழுக்கப் பரபரப்பானது. டாம்ஸ் ஹார்டுவேர் என்கிற ஜெர்மானியச் சோதனைக் குழு செய்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பென்டியம் 4 சுதாரித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, தள்ளாடி ஓடியது. பென்டியம் 3 உறைந்து நின்றது. 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான்? கண்மூடித் திறப்பதற்குள் புகை. ஆள் அவுட்.

இதைவிட விபரீதமான இன்னொரு சாவும் உண்டு. 2002-ல் வந்த 'நார்த்வுட்' ரக பென்டியம் 4-க்கு ஒன்றரை வோல்ட் போதும். வேகப் பிரியர்கள் 1.7-ஐயும் தாண்டி ஏற்றினார்கள். நல்ல ஹீட்சிங்க், நல்ல ஃபேன், தெர்மாமீட்டரில் நல்ல எண். எல்லாம் சுகம். சில வாரம், சில மாதம். ஒருநாள் பிராசஸர் எழுந்திருக்கவே இல்லை. இந்த வியாதிக்கு 'திடீர் நார்த்வுட் மரணம்' என்றே பெயர் வைத்தார்கள். அதிக வோல்டேஜில், பிராசஸருக்குள் இருக்கிற மெல்லிய உலோக இழைகளின் அணுக்களே மெதுவாக அரித்து நகர ஆரம்பித்துவிடும். வெளியே எவ்வளவு குளிரவைத்தாலும் உள்ளே அரிப்பு நிற்காது.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சூடு என்பது கண்ணுக்குத் தெரிகிற பில். தெரியாத பில் ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் வரப்போகிற கதைக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆச்சா? இப்போது ராட்சதர்கள் பக்கம் வருவோம்.

2000-ம் ஆண்டு மார்ச் மாதம் ஏ.எம்.டி. முதலில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெலும் தொட்டது. மானப் பிரச்னை ஆகிவிட்டது. ஜூலைக் கடைசியில் இன்டெல் அவசர அவசரமாக 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ வெளியிட்டது. அதே டாம்ஸ் ஹார்டுவேரின் தாமஸ் பாப்ஸ்ட் சோதித்தார். சில வேலைகளைக் கொடுத்தால் பிராசஸர் தடுமாறி விழுந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் இன்டெல் அந்தச் சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுருக்கமாகச் சொன்னால், கம்பெனியே தன் சில்லை ஓவர்க்ளாக் செய்து பெட்டியில் போட்டு விற்றுப் பார்த்தது. பலிக்கவில்லை.

அப்போதும் ஓட்டம் நிற்கவில்லை. பென்டியம் 4-ன் வடிவமைப்பே கிகாஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போவதற்காகச் செய்யப்பட்டது. 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்றெல்லாம் பேசினார்கள். வீட்டுக்குள்ளேயே ஒருவர் எச்சரித்தார். இன்டெலின் தொழில்நுட்பத் தலைவர்களில் ஒருவரான பேட் கெல்சிங்கர், 2001-ல் ஒரு பொறியியல் மாநாட்டில் கணக்கு போட்டுக் காட்டினார். இதே ரீதியில் போனால் 2005-ல் சில்லின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அணு உலைக்குச் சமமான சூடு இருக்கும். 2010-ல் ராக்கெட்டின் வால். 2015-ல் சூரியனின் மேற்பரப்பு!

அதுவரை இன்டெலைக் காப்பாற்றி வந்தது ஒரு விதி. 1974-ல் ஐ.பி.எம். விஞ்ஞானி ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் சொன்னது. ஸ்விட்சைச் சின்னதாக்கினால் வோல்டேஜையும் குறைக்கலாம். அதனால் அதே இடத்தில் அதிக ஸ்விட்சுகளை அடைத்தாலும் சூடு கூடாது. முப்பது வருஷம் இந்த விதி சோறு போட்டது. ஆனால் ஸ்விட்சுகள் ஓர் அளவுக்கு மேல் சிறுத்ததும், அணைத்த பிறகும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. வோல்டேஜைக் குறைக்க முடியவில்லை. மூடிய குழாயிலும் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் என்ன செய்வது?

2004 பிப்ரவரியில் 'ப்ரெஸ்காட்' வந்தது. புது பென்டியம் 4. கட்டைவிரல் நகம் அளவு சில்லில் சுமார் 100 வாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1,000 வாட் பெட்டிக்கு அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். ப்ரெஸ்காட்டில் அதே இடத்துக்கு ஏறக்குறைய 90 வாட். பதினெட்டு மடங்கு! ஊரார் அதை 'ப்ரெஸ்ஹாட்' என்று கூப்பிட்டதில் என்ன தப்பு?

ஆப்பிளுக்கும் இதே கதிதான். 2003-ல் ஸ்டீவ் ஜாப்ஸ், ஒரே வருஷத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் மேக் வரும் என்று மேடையில் வாக்குக் கொடுத்தார். 2004-ல் வந்தது 2.5. அதற்கே உள்ளே தண்ணீர்க் குழாய் ஓட்ட வேண்டியிருந்தது. மீன்தொட்டி மோட்டார் ஆசாமிகள் செய்த அதே வேலை, இப்போது கம்பெனி வாரன்டியுடன். அடுத்த வருஷம் ஆப்பிள், ஐ.பி.எம். பிராசஸர்களைக் கைவிட்டு இன்டெல் பக்கம் தாவியது. சொன்ன காரணம், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பது.

இன்டெலோ 2004 மே மாதத்தில், ப்ரெஸ்காட்டின் வாரிசாக வரவேண்டிய 'டேஹாஸ்' திட்டத்தைக் குழிதோண்டிப் புதைத்தது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் கைவிடப்பட்டது. அதற்கப்புறம்தான் பேரட் மண்டியிட்டது.

பிறகு பாதை மாறியது. வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில், ஒரே சில்லில் இரண்டு மூளை. 2005-ல் ஆரம்பித்து, 2006-ல் கோர் 2 டுயோ வந்தபோது, குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடிய அது, பழைய பென்டியம் 4-களை அநாயாசமாகத் தோற்கடித்தது. ஓட்டப்பந்தயக் குதிரைக்குப் பதிலாக ஜோடி மாடு. வண்டி சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

இங்கே சுபம் போட்டுவிடலாம்தான். ஆனால் 2008 கடைசியில் இன்டெல் இன்னொரு காரியம் செய்தது. புதிய கோர் ஐ7-ல் 'டர்போ' என்று ஒரு வசதி. பிராசஸர் தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும். சூடு குறைவாக இருந்தால், எழுதிய வேகத்துக்கு மேல் தானே ஓடும். சூடேறினால் தானே குறைத்துக்கொள்ளும். புரிகிறதா? ராத்திரி கண்விழித்து அந்த ஆசாமிகள் செய்த வேலையைச் சில்லே செய்ய ஆரம்பித்துவிட்டது. திருடனைப் பூட்டுக்காரரே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து வருஷா வருஷம் டர்போவின் வேகம் ஏறிக்கொண்டே போனது. 2022-ல் ஏ.எம்.டி. தன் ரைஸன் 7000 வரிசையை விட்டபோது, 'கடும் வேலையில் 95 டிகிரியில் நிற்பதுதான் இதன் இயல்பு, பயப்படாதீர்கள்' என்று சொல்லியே விற்றது. அதாவது கையிருப்பு நிதி முழுவதையும் கம்பெனியே செலவழித்துவிட்டுத்தான் சரக்கை உங்கள் கையில் கொடுக்கிறது. நீங்கள் எடுப்பதற்கு அங்கே மிச்சம் ரொம்பக் கம்மி.

கையிருப்பு இல்லாத வியாபாரம் எப்படி முடியும்? 2023-ல் சில ரைஸன் பிராசஸர்கள் மதர்போர்டிலேயே கருகின. ஒரு பகுதிக்குப் போன வோல்டேஜ் அதிகம் என்று கண்டுபிடித்து, 1.3 வோல்டுக்கு மேல் போகாதபடி கட்டுப்பாடு போட்டார்கள். அடுத்து இன்டெல். அதன் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் சில, கொஞ்ச மாதம் நன்றாக ஓடிவிட்டுத் தடுமாற ஆரம்பித்தன. விளையாட்டு நடுவே நின்றது, புரோகிராம் விழுந்தது. 2024-ல் இன்டெல் காரணத்தைச் சொன்னது. பிராசஸர் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்ட வோல்டேஜ் அதிகம். அதனால் உள்ளே தேய்மானம். ஆகஸ்டில் அதைத் திருத்தும் மைக்ரோகோடு வந்தது. வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்துபோனதை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது. மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

நார்த்வுட் மரணம் ஞாபகம் இருக்கிறதா? அதே வியாதிதான் வேறு உருவத்தில். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். 2002-ல் செத்த பிராசஸர், உடைமைக்காரர் தெரிந்தே எடுத்த ரிஸ்க். போனால் போகட்டும் என்று இறங்கியவர் அவர். 2024-ல் பாதிக்கப்பட்டவர்களில் பலர் எதையுமே தொடாதவர்கள். பெட்டியைப் பிரித்தார்கள், மாட்டினார்கள், வேலை பார்த்தார்கள். அவர்கள் எடுக்காத ரிஸ்க்குக்கு அவர்கள் பணம் கட்டினார்கள். எனக்கு இந்தக் கதையில் உறுத்துகிற இடம் இதுதான். விளம்பரத்தில் பெரிதாக அச்சடிக்க ஓர் எண் வேண்டும். அந்த எண்ணுக்காகக் கரைந்தது வாடிக்கையாளரின் பாதுகாப்பு நிதி.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது என்ன? ரொம்ப எளிது. மதர்போர்டின் பயாஸ் திருத்தங்கள் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஃபேனையும் ஹீட்சிங்க் இடுக்குகளையும் தூசி தட்டுங்கள். நம் ஊர்த் தூசிக்கு அதுவே பாதி வைத்தியம். பெட்டியை மேஜைக்கு அடியில், சுவரோடு ஒட்டி அடைத்து வைக்காதீர்கள். குளிர்ந்த காற்று உள்ளே வரவும், சூடான காற்று வெளியே போகவும் வழி இருக்கட்டும். சில வருஷம் ஆன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள்.

கொஞ்சம் தைரியம் இருந்தால், பழைய ஆசாமிகளின் வித்தையைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். அவர்கள் வோல்டேஜை ஏற்றினார்கள். நீங்கள் படிப்படியாகக் கொஞ்சம் குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் சில மணி நேரம் கடுமையான வேலை கொடுத்துச் சோதியுங்கள். தடுமாறினால் ஒரு படி திரும்பி வந்துவிடுங்கள். வர்க்கக் கணக்கு இப்போது உங்கள் பக்கம். வோல்டேஜில் பத்து சதவீதம் குறைந்தால் சூட்டில் 19 சதவீதம் மிச்சம். பெரும்பாலும் வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சொல்லப்போனால், சூடு குறைந்ததால் டர்போ இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடினாலும் ஓடும்.

எனியாக் ஒரு பெரிய ஹால் முழுக்க அடைத்துக்கொண்டு 150 கிலோவாட் குடித்தது என்று பார்த்தோம் இல்லையா? 2024-ல் என்விடியா அறிவித்த ஏ.ஐ. மெஷின் ஒன்று, ஒரே ஒரு பீரோ அளவு ரேக்கில் கிட்டத்தட்ட 120 கிலோவாட் குடிக்கிறது. காற்றால் ஆகாது, குழாயில் திரவம் ஓட்டித்தான் குளிரவைக்கிறார்கள். கம்ப்யூட்டர் நினைக்க முடியாத அளவுக்கு மாறிவிட்டது. கரண்ட் பில்லும் சூடும் மட்டும் எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அதே வீட்டில்தான் குடியிருக்கின்றன.